அடியில் சிவப்புக் குறி

அறுபதைத் தாண்டியவனுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற முதல் மருந்து நடை. கசக்காது, விலையும் இல்லை என்பதால் நானும் அதை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறேன். போன வாரம் அப்படிக் கால்வாய்க் கரையோடு நடந்துகொண்டிருந்தபோது, பழைய கல்பாலத்தின்மேல் ஓர் இளைஞர் குப்புறப் படுத்துக் கிடந்தார். விடிகாலையில் நடுரோட்டில் குப்புறக் கிடப்பவரைப் பற்றி நம் ஊரில் என்ன நினைப்போமோ, அதைத்தான் நானும் நினைத்தேன். கிட்டே போன பிறகுதான் பக்கத்தில் ஒரு பெட்டி இருப்பது தெரிந்தது. பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள். ஒன்றின் முனையில் இருந்த உலோக வில்லையை அவர் கல்லின்மேல் அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொரு கம்பி பாலத்துக்கு அடியில் இறங்கியது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீரை அடைத்திருக்கும் மாதம் என்பதால் கால்வாய் காய்ந்து கிடந்தது. கீழே இன்னொருவர் நின்றுகொண்டு, அதேபோல ஒரு வில்லையைக் கல்லின் அடிவயிற்றில் ஒட்டிப் பிடித்திருந்தார். வில்லைகளில் தடவிய கிரீஸ் வாடை எங்கும்.

"என்ன தம்பி, கல்லுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன். வயதானவர்கள் இப்படியெல்லாம் கேட்கலாம். இளைஞர்கள் சிரித்துத்தான் ஆகவேண்டும்.

அவர் மதுரைப் பக்கத்துக்காரர். பொறுமையாகவே பதில் சொன்னார். "கல்லுக்குள்ள சத்தம் அனுப்பிப் பாக்குறோம் சார். மேலே இருந்து விட்டா கீழே எவ்வளவு நேரத்துல போய்ச் சேருதுன்னு இந்தப் பெட்டி காட்டும். உள்ளே விரிசல் இருந்தா சுத்திக்கிட்டுப் போகும், நேரமாகும். கல்லை உடைக்காமலே உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும்."

"எனக்கு ஒன்றும் கேட்கலையே?"

"கேக்காது சார். மனுஷக் காதுக்கு எட்டாத சத்தம் இது. எங்களுக்கும் கேக்காது. பெட்டியில பச்சைக் கோடு தெரியும், அதைக் கண்ணால பாத்தாப் போதும்."

எனக்கு இடது காது கொஞ்ச நாளாக வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. அதனால் மட்டும் இல்லை என்று அறிந்து நிம்மதியாக இருந்தது. கிளம்பப் பார்த்தேன். அப்போது கீழே நின்றவர் அந்த இளைஞருக்குக் குரல் கொடுத்தார்: "சார், இங்க பாருங்க, எல்லாக் கல்லுலயும் அடிப்பக்கம் சிவப்பு பெயிண்டுல பெருக்கல் குறி போட்டிருக்கு. வேண்டாம்னு கழிச்ச கல்லு மாதிரில்லா இருக்கு?"

நான் அப்படியே பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குறிகளை எழுதிய கை என்னுடையது.

ஓசையை வைத்து உள்ளதை அறிவது ஒன்றும் பெட்டி வந்த பிறகு உண்டான வித்தை அல்ல. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் விரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். தேங்காயைக் காதருகே கொண்டுபோய்த் தட்டுவார்கள். சக்கைப் பழத்தை, அதாவது பலாவை, கைவிரித்து அடித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் கெடக்கணும்" என்பார்கள். கடவுள் எனக்குக் கல்வி கொடுத்தார், ஓரளவு வாசிப்பும் கொடுத்தார். இந்த ஒன்றைக் கொடுக்கவில்லை. நான் தட்டி வாங்கிய சக்கை ஒன்றுகூட நேராகப் பழுத்ததாக எங்கள் வீட்டில் சரித்திரமில்லை. அதைத் தோளில் சுமந்துகொண்டு வரும்போதே என் அம்மை, "மாட்டுக்குப் போடலாம், கொண்டு வா" என்பாள்.

இப்படிப்பட்டவனை, கல்லைத் தட்டிப் பார்த்து எடுக்கிற இடத்தில்தான் விதி வேலைக்கு வைத்தது.

மகாராஜா காலம்; ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். திருவட்டாற்றுக்குப் போகிற வழியில் ஒரு குவாரி. கால்வாய்களுக்குக் குறுக்கே பாலங்கள் போடுவதற்காக அங்கே நீளநீளமான கல்பாளங்கள் உடைத்தெடுத்தார்கள். இன்டர்மீடியட் படித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் தினம் மூன்று வேளை சாப்பிடும் உத்தியோகம் பார்த்திருந்த எனக்கு, மராமத்து இலாகாவில் ரைட்டர் வேலை கிடைத்தது. ரைட்டர் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நான் எழுதியதெல்லாம் இரண்டே எழுத்துகள். நல்ல கல்லில் வெள்ளை வட்டம், ஆகாத கல்லில் சிவப்புப் பெருக்கல். கையில் இரண்டு பெயிண்ட் டப்பா, காதில் ஒரு பென்சில். பென்சில் அலங்காரத்துக்கு.

எந்தக் கல்லுக்கு எந்தக் குறி என்று சொல்கிறவர் தங்கையா ஓவர்சியர். நெட்டை உருவம், வெள்ளைக் கோட்டு, தோளில் மடித்த நேரியல். வாலிபத்தில் அணைக்கட்டு வேலையிலும் பாறை வெடிவைக்கிற இடங்களிலும் கிடந்து உழைத்தவர். வருகிற ஓணத்தோடு பென்ஷன். கல்பாளத்தை இரண்டு தடிகளின்மேல் தூக்கி வைப்பார்கள். ஓவர்சியர் சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிக்கொண்டு போவார். உள்ளே பழுதில்லாத கல் கோயில் மணி மாதிரிக் கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சேற்றில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஊரில் ஒரு பேச்சு வீடு வீடாகப் பரவுகிறதல்லவா, அப்படித்தான் கல்லுக்குள் ஓசை போகுமாம். நடுவே சண்டைக்கார வீடு இருந்தால் அங்கே நின்றுபோகும். இதற்கு நடுவில், அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் ஒரு வகைக் கல் உண்டு. பாலத்தில் ஆள் நடக்கும்போது முறிகிற கல் அதுதான். என் காதுக்கு எல்லாக் கல்லும் அந்த வகையாகவே கேட்டது.

ஓவர்சியரைப் பற்றிக் குவாரியில் ஒரு பெரிய வேடிக்கை இருந்தது. எங்கே வேலைக்குப் போனாலும் மனைவியை வில்வண்டியில் கூட்டிக்கொண்டே போவார். ஞானப்பூ அம்மாள் என்று பெயர். பிள்ளைகள் கிடையாது. குவாரி ஓரத்தில் ஓர் அயனி மரம். அதன் நிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை நிறுத்துவார்கள். அம்மாள் வண்டிக்குள் இருந்தபடியே மடியில் லேஸ் தலையணையை வைத்துப் பின்னிக்கொண்டிருப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் பலருக்கும் தெரிந்த வேலை அது. உருண்டைத் தலையணையில் குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதி 'கிலுகிலு' என்று ஓயாமல் ஒரு சத்தம் வந்துகொண்டிருக்கும். சரளைக்கல் மேல் ஓடுகிற தண்ணீர் மாதிரி.

ஓவர்சியர் கல்லைத் தட்டுவார். தட்டிவிட்டு வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம்தான் "வெள்ளை" அல்லது "சுவப்பு" என்பார். ஒவ்வொரு கல்லுக்கும் இதே கதை. ஜல்லி உடைக்கிற பெண்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேண்டுமா?

"ஏட்டி, பாத்தியா, சுத்தியலு கல்லுல, கண்ணு வண்டியில."

"எனக்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, சோறு போடும்போ மட்டுந்தான் மூஞ்சியைப் பாக்கும்."

கான்ட்ராக்டர் சிவதாணு பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போவார். குண்டு மனிதர், வெற்றிலை வாய், கல்லுடைத்தே பிழைத்த குடும்பம். "என்ன ஓவர்சியரே, அம்மைக்க மொகத்தில எழுதியா வச்சிருக்கு, கல்லு நல்லதா கெட்டதான்னு?" என்று கத்துவார். ஓவர்சியர் பதில் சொல்லமாட்டார். அதை நாங்கள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டோம். நானும் என் பங்குக்கு அவரைப் பற்றி ஒரு வெண்பா எழுதினேன். நல்ல வேளையாக அது யாருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் மரத்தடிக்கும் கல்லுக்கும் நடுவே நான் நிற்கும்படி ஆயிற்று. ஓவர்சியர் தட்டினார். மறுபடி தட்டினார். என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டினார். "கொஞ்சம் மாறி நில்லு மக்கா" என்றார். மாறி நின்றேன். தட்டினார். லேஸ் கட்டைகளின் சத்தம் நின்றது. "சுவப்பு" என்றார். அடுத்த கல்லைத் தட்டினார். கட்டைகள் கிலுகிலுவென்று ஓடிக்கொண்டே இருந்தன. "வெள்ளை" என்றார்.

அன்று முழுவதும் எனக்குப் பெயிண்ட் அடிக்க ஓடவில்லை. அம்மாளின் கைகள் ஓடினால் வெள்ளை. கைகள் நின்றால் சிவப்பு. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சாயங்காலம் அவர் சுத்தியலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, "சார், குவாரியில தீ" என்றேன். அவர் நிதானமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் வண்டிக்கு இளநீர்க் கருக்கு வெட்டிக்கொண்டு போனேன். அம்மாள் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி பாத்துட்டியளோ?"

தலையாட்டினேன்.

"வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டே இவியளுக்குக் காது போயிற்று. மொதல்ல ஒண்ணு, இப்ப ரெண்டும். நேரே நிண்ணு பேசினா வாயைப் பாத்துச் சொல்லிப்போடுவாவ. கல்லுக்குத்தான் வாய் இல்லியே." குரல் தழைந்தது. "நான் சின்னப் புள்ளையிலேயே வேதக்கோயில் பாட்டுல நிண்ணவ. சுதி மாறினா எனக்குத் தெரியும். வார ஓணம் வரைக்கும் போதும் தம்பி. ஒருத்தருகிட்டயும் சொல்லாதிய."

சொல்லவில்லை. இதில் என் பெருந்தன்மை எதுவும் இல்லை. கணீரென்ற கல்லையும் செத்த கல்லையும் அந்த அம்மாள் தப்பாமல் பிரித்தார். பாலங்கள் நின்றன. அவற்றின்மேல் ஆட்கள் நடந்தார்கள். இதில் யாருக்கு நஷ்டம்? அதன் பிறகு பெண்கள் கேலி பேசும்போது நான் மட்டும் சிரிப்பதை நிறுத்தினேன். "ரைட்டருக்கும் காதல் வந்துட்டு" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் மலையடிவாரம் முழுவதும் காய்ச்சல். ஞானப்பூ அம்மாளுக்கும் வந்தது. இரண்டு நாள் வண்டியில் இருந்தபடியே நடுக்கத்தோடு பின்னினார். கட்டைகள் தாறுமாறாக மோதிக்கொண்டன. எது ஓட்டம், எது நிறுத்தம் என்று ஓவர்சியருக்கே புரியாமல், வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு மாட்டைப் பூட்டச் சொன்னார். கொயினா மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நாங்கள் எல்லாரும் போனோம். சிவதாணு பிள்ளை நெற்றித் திருநீற்றோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தெரியாமல் ஓவர்சியர் ஒவ்வொருவர் உதட்டையும் மாறிமாறிப் பார்த்தார். இத்தனை வருஷமும் கோயிலில் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அவர் எந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கப்போகிறார்கள். அதற்குள், போன வாரம் நான் உட்கார்ந்திருந்த இந்தப் பாலத்தைப் போட்டாகவேண்டும். கற்கள் வரிசையாகத் தடிகளின்மேல் கிடந்தன. அக்கரையில் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் இதன் வழியாகத்தான் போகவேண்டும். ஓவர்சியர் நடந்தே வந்தார், வண்டி இல்லாமல். நான் அவரை ஓரமாக அழைத்துப்போய், முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்: "சார், வண்டி நிக்கிற இடத்துல நான் நிக்கட்டுமா? நல்லதுன்னா சும்மா இருக்கேன். கெட்டதுன்னா கையைக் கட்டிக்கிடுகேன்."

என் உதட்டைக் கடைசிவரை படித்தார். அவர் முகத்தில் அந்த நாளில் வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

"உனக்குச் சக்கை வாங்கத் தெரியுமா மக்கா?"

"தெரியாது சார்."

"பின்னே?"

இரண்டுக்கும் நடுவான அந்த மூன்றாவது வகைக் கல் ஒன்று அந்த வரிசையில் இருந்திருந்தால் நான் கையைக் கட்டியிருப்பேனா, மாட்டேனா? இன்றைக்கும் தெரியாது.

அவர் முதல் கல்லைத் தட்டினார். மரத்தடியைப் பார்த்தார். அங்கே மாட்டுச் சாணமும் சக்கரத் தடமும் இருந்தன. "சுவப்பு" என்றார். இரண்டாவது கல். மரத்தடி. "சுவப்பு." மூன்றாவது. நான் சிவப்பு டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வரிசை முடியும்வரை ஒரு வெள்ளைகூட இல்லை. ஜல்லிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சிவதாணு பிள்ளைக்கு வாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது தெரியவில்லை. "ஓய், என்னவே இது? இஞ்ச கெடக்கது அத்தனையும் எனக்க கையால தேர்ந்தெடுத்த கல்லு. அம்மை போன துக்கம் எனக்கும் இருக்கு. அதுக்கு எனக்க கல்லு என்னவே செய்யும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே ஆள் அனுப்பிப் புகார் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் வந்துவிட்டால் கான்ட்ராக்ட் போய்விடும்.

இஞ்சினீயர் வந்தார். கெட்டவர் அல்ல, நேரே கேட்கக் கூச்சப்படுகிற மனிதர். எங்கேயோ சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். ஓவர்சியரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று சுத்தியலால் ஒரு கல்லைத் தட்டினார். கணீரென்றது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இந்தக் கல்லுக்கு என்ன சொல்கிறீர், ஓவர்சியர்?"

ஓவர்சியர் அயனி மரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"உம்மைத்தான்."

குவாரி முழுவதும் அந்தக் கணத்தில் தெரிந்துகொண்டது. எந்தப் பெண் 'கண்ணு வண்டியில' என்று சொல்லிச் சிரித்தாளோ, அவள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் அசைந்தவர் சிவதாணு பிள்ளை. ஓடிப்போய் இஞ்சினீயருக்கும் ஓவர்சியருக்கும் நடுவே நின்றார். "ஏமானே, வேண்டாம். புகாரு ஒண்ணும் இல்ல. அவரு சுவப்புன்னா சுவப்பு. நான் வேற கல்லு உடைச்சுத் தாறேன். எனக்க நட்டம் என்னோட போகட்டும்."

அவர் வாயசைவை ஓவர்சியர் படித்துவிட்டார். திரும்பி இஞ்சினீயரின் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"பிள்ளையோட கல்லு நல்லதாத்தான் இருக்கும் சார். எனக்குத்தான் கேக்கல்ல. கேக்காத கல்லை நல்லதுன்னு எப்படிச் சொல்ல? பள்ளிக்கூடத்துப் புள்ளைய நடக்குற பாலம்லா?"

அவ்வளவுதான். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஓணம் அவர் இல்லாமலே வந்தது.

புதிதாக வந்த ஓவர்சியர் ஒரே காலையில் எல்லாக் கல்லையும் தட்டிப் பார்த்து, அத்தனையும் முதல்தரம் என்றார். நான் வெள்ளை டப்பாவைத் தூக்கினேன். சிவப்பைக் கொத்தி எடுக்கக் கல்தச்சன் உளியோடு வந்தான். சிவதாணு பிள்ளை அவன் கையைப் பிடித்தார். "தொடாதல. அது அப்பிடியே கெடக்கட்டும். கவுத்துப் போடு, யாருக்குத் தெரியும்?" அப்படித்தான் குறிகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துக் கவிழ்ந்தன.

ஓவர்சியரை அதன்பின் ஒரே ஒரு தடவை பார்த்தேன். குளச்சலில் தம்பி வீட்டில் இருந்தார். கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. உலகத்தில் அதைவிடச் சத்தமான இடம் இருக்கமுடியாது. அதன் நடுவே, கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளத்தின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரே நின்று, "சார், சுகமா இருக்கியளா?" என்றேன். அடையாளம் தெரிந்து சிரித்தார். ஆனால் என் உதட்டைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். நான் பேசப் பேச, கைகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை உணர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றை அசைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு என்ன கேட்டதோ.

குவாரியில் நாங்கள் அடித்த கேலியை நினைத்துப் பார்க்கிறேன். அவர் காது கேட்காததால்தான் வண்டியைப் பார்த்தார், அதைக் காதல் என்று நாங்கள் தப்பாக எண்ணிவிட்டோம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வயதான பிறகு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெண்கள் சொன்னது சரிதான்.

"சார், நீங்க உள்ளூர்க்காரர்தானே, இது கழிச்ச கல்லா?" என்று பெட்டிக்கார இளைஞர் பழைய நினைவிலிருந்து என்னைத் தட்டி எழுப்பினார். "ஆனா மெஷினு ஒவ்வொரு கல்லும் அவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்லுதே. இந்தச் சோதனை சும்மா கணக்குக்குத்தான் சார், எப்படியும் அடுத்த மாசம் எடுத்துருவாங்க. லாரி போக அகலம் போதாது, கான்கிரீட் வருது. இதையெல்லாம் உடைச்சு ஜல்லியாப் போட்டுருவாங்க."

"நல்ல கல்தான் தம்பி" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் வேலை கெட்டுப்போகும்.

குவாரி இப்போது தண்ணீர் நிரம்பிய பள்ளம். சிவதாணு பிள்ளை காலமாகி எத்தனையோ காலம் ஆயிற்று. லேஸ் தலையணை வைத்துப் பின்னுகிற வீடுகள் இப்போது அதிகம் இல்லை. அந்தக் கட்டைகளின் கிலுகிலுப்பை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவில்லை. இந்தப் பெட்டி அன்றைக்கே இருந்திருந்தால் தங்கையா ஓவர்சியர் தொண்ணூறு வயதுவரை வேலை பார்த்திருக்கலாம். காதுக்கு வேலையே இல்லை. அவருக்குக் கண்கள் நன்றாக இருந்தன.

"ஒரு தடவை பாக்குறீங்களா சார்?" என்று அந்த இளைஞர் வில்லையைக் கல்லின்மேல் வைத்தார். கீழே மற்றவர் சிவப்புக் குறியின்மேல் தன்னுடையதைப் பிடித்தார். நான் என் நல்ல காதைச் சாய்த்தேன். கல்லுக்குள் சத்தம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. இளைஞர் பெட்டியைப் பார்த்தார். நான் என்னையறியாமல் தலையைத் திருப்பி, ரோட்டோரம் மர நிழல் விழுகிற இடத்தைப் பார்த்தேன்.

அங்கே ஒரு லாரி நின்றது. டிரைவர் கைகளைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.